பரிசமாக வந்த மணி

காங்கோ ஆற்றங்கரையில், பெண் கேட்டு வந்த எகோஃபோ பரிசமாக வைத்த இரட்டை இரும்பு மணியை இலோங்கா தட்டிப் பார்த்தார்.

“ஓட்டைப் பானைகூட இதைவிட நல்லா ஒலிக்கும், தம்பி. விளிம்பு வேற நசுங்கியிருக்கு. இதுக்கா என் பொண்ணு?”

மரவள்ளி இடித்த கையைத் துடைத்தபடி வந்தாள் அவர் மனைவி பொலும்பு.

“வாங்கி வையுங்க.”

“மணியைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?”

“இதைப் பத்தித் தெரியும். இதைக் கொடுத்துதான் என் அண்ணன் இந்தப் பையனோட அத்தையைக் கட்டினான்.”

“அவனுக்கு ஏது மணி?”

“எங்கப்பா கொடுத்தது. அவருக்கு, எனக்குப் பரிசமா நீங்க கொடுத்தது. படகிலேர்ந்து இறங்குறப்ப கீழே போட்டு நசுக்கினதும் நீங்கதான். இது ஓட்டைப் பானைன்னா, இதுக்கு ஈடா வந்த நான் ஓட்டைச் சட்டியா?”

இலோங்கா மறுபடி தட்டினார்.

“அடடா, கணீர்னு இருக்கே! உள்ளே வாங்க, மாப்பிள்ளை!”