பூச்சி இல்லாத துறை

"உங்க ஆத்துல எந்தத் துறையில தண்ணி நல்லாருக்கும்?" என்று ஆற்றைச் சோதிக்க வந்த எஸ்தர் அக்கா என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், குடத்தோடு வந்த என் அண்ணி அமுதவல்லி முந்திக்கொண்டாள். "கீழ்த்துறைதான். ஒரு பூச்சி இருக்காது." எங்கள் ஊரில் பிள்ளைத்தாச்சிகளுக்கு மட்டும் கீழ்த்துறைத் தண்ணீர்தான். அண்ணி வயிற்றில் இருப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் பிறந்த அன்றே கரையிலுள்ள புங்கமரத்தடியில் புதைத்தோம். அதனால் இந்த முறை அவள் வேறு தண்ணீர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அக்கா மேல்துறையில் ஒரு கல்லை எடுத்து வெள்ளைத் தட்டில் கழுவினார். மூன்று வால் கொண்ட சின்னப் பூச்சிகள் தட்டெங்கும் ஓடின. "ஐய, ஊரே இதத்தான் குடிக்குது!" என்று அண்ணி சிரித்தாள். கீழ்த்துறையில் எத்தனை கல்லைக் கழுவியும் தட்டு வெறுமையாகவே இருந்தது. கடைசியில் ஒரேயொரு சிவப்புப் புழு நெளிந்தது. "நான் சொன்னேன்ல?" என்றாள் அண்ணி, குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தபடி. அக்கா சிரிக்கவில்லை. "அந்தப் பூச்சிங்க நல்ல தண்ணியிலதாம்மா உயிரோட இருக்கும். இங்க எல்லாம் செத்துப்போச்சு. கெட்ட தண்ணியத் தாங்குறது இந்தப் புழு மட்டுந்தான்." அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே நின்றது. பிறகு நிறைகுடத்தை, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல, மணலில் இறக்கி வைத்தாள். புங்கமரத்தை நோக்கி நடந்தாள்.