சட்டைப் பையில் தீப்பெட்டி

கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டுக்குப் பெண் பார்க்க வந்த தேவசகாயம் காபி டம்ளரை வாங்கக் குனிந்தான். சட்டைப் பையிலிருந்து அரையணா தீப்பெட்டி ஒன்று பாயில் விழுந்தது.

பெண்ணின் அப்பா ஏசுபாதத்துக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னா தம்பி இது? பீடி கீடி தொடாத புள்ளன்னு உங்க மாமா சொன்னாரே!"

"சத்தியமா தொட மாட்டேங்க."

கூட வந்திருந்த மாமா முந்திக்கொண்டார். "வூட்டு அடுப்புக்கு வாங்கியிருப்பான்."

"கூடுவாஞ்சேரியில எரியற அடுப்புக்கு நெருப்புப்பெட்டி ரயிலேறி இங்க வருதா? பீடி குடிக்கிறவனுக்குப் பொண்ணு குடுக்கறதா இல்ல. கெளம்புங்க."

கதவோரம் நின்ற பெண் ஜெசிந்தாவைத் தேவசகாயத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று பெட்டியைத் திறந்தான். உள்ளே இலைத் துண்டின் மேல் பச்சையாக மின்னியது ஒரு பொன்வண்டு.

"பூச்சி பொட்டுன்னா எனக்கு உசிருங்க. தெரிஞ்சா பைத்தியம்னு நெனச்சு பொண்ணு தர மாட்டீங்கன்னு மாமாதான் மறைக்கச் சொன்னாரு."

ஜெசிந்தா மெல்ல வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எல வாடிப்போய் கீதே. கொடுக்காப்புளி எல புதுசா பறிச்சாரட்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கொல்லைப்பக்கம் ஓடினாள்.

ஏசுபாதம் மாமாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒத்தப் பெட்டிய மறைக்கவே நீங்க இந்தப் பாடு பட்டீங்க. காலைலேர்ந்து இவளோட பதினோரு பெட்டியப் பரண்ல ஏத்தி மறைச்சவன் நான். எனக்கு எவ்ளோ பேஜாரா இருந்திருக்கும், சொல்லுங்க சம்பந்தி!"