அவர் போட்ட பிரேக்

நான்காவது சக்கரத்தையும் கழற்றி, பிரேக் டிரம்மைத் தட்டி வெளியே எடுத்தேன். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

ஒன்பது வருடம் அசையாமல் நின்ற பழைய கார். முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. துரு இருந்தது. பின் சீட்டுக்குள் எலிகள் பேரன் பேத்தி எடுத்துக் குடித்தனம் நடத்தியிருந்தன.

ஆனால் பிரேக் குழாய் எங்கும் உடையவில்லை. ஆயில் கசிந்த தடமே கிடையாது. டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனிங் தேயாமல் அப்படியே இருந்தது. போட்டவர் நின்று நிதானமாகப் போட்டிருந்தார்.

போட்டவர் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு போல்ட்டை அரைச் சுற்று கூடவும் முறுக்க மாட்டார், குறையவும் விட மாட்டார். அவருக்கு ஒரே மகன். இந்தக் காரில்தான் அவன் ஓட்டக் கற்றுக்கொண்டான்.

இருபத்து மூன்று வயதில், ஒரு நாள் காலை, இதே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மேட்டுச் சாலை இறக்கத்தில் வளைவு வரும். அவன் வளையவில்லை. நேரே போய்ச் சுவரில் மோதினான். அங்கேயே உயிர் போனது.

பிரேக் பிடிக்கவில்லை என்று அவரேதான் எல்லோரிடமும் சொன்னார். 'முந்தின ஞாயிற்றுக்கிழமை நான்தான் கழற்றி மாட்டினேன், எங்கேயோ கோட்டை விட்டுவிட்டேன்' என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம்.

அன்றோடு அவர் மனைவி அவரிடம் பேச்சை நிறுத்தினார். சாப்பாடு எடுத்து வைப்பார். மாத்திரை எடுத்து வைப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார்.

கார் மைத்துனர் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. இப்போது மைத்துனர் அந்த இடத்தை விற்கிறார். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, அந்த அம்மாதான் என் பட்டறையைத் தேடி வந்தார். வண்டி ஓடி வீட்டுக்கு வர வேண்டும், அதற்கு முன்னால் பிரேக்கைப் பார்த்து என்ன ஆனது என்று தனக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

அதனால் நல்ல செய்தி கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மனிதருக்கு ஒன்பது வருட பாரம் இறங்கப்போகிறது.

"சார், உங்க வேலைல ஒரு தப்பும் இல்ல."

அவர் முகம் மாறவில்லை.

"தெரியும் தம்பி. அவன் பிரேக்கை மிதிக்கவே இல்ல."

அன்று காலை மகனின் தலையணைக்கு அடியில் இரண்டு வரியில் ஒரு கடிதம் இருந்ததாம். முதலில் பார்த்தவர் அவர். படித்தார். மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் அடுப்பில் போட்டுவிட்டார். அவனைத் தேடி வாசலைத் தாண்டுவதற்குள் சுவரில் மோதிய செய்தி வந்துவிட்டது.

"அவ இப்ப வருவா. பிரேக்தான்னு சொல்லிடுங்க. பிள்ளை வேணும்னே விட்டுட்டுப் போனான்னு தெரிஞ்சா அவ உயிரோட இருக்க மாட்டா. என் மேல கோவமா இருக்கா பாருங்க, அந்தக் கோவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நடமாடுறா."

பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தார். கழற்றிப் போட்ட சக்கரங்களைப் பார்த்தார். சற்றுத் தள்ளி நின்ற கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

இருபது வருடத் தொழிலில் 'நாளைக்கு ரெடியாயிடும்' என்று எத்தனையோ பொய் சொன்னவன் நான். இது நாக்கில் ஏறவே இல்லை.

"பிரேக்தாம்மா" என்றேன்.

அவர் குனிந்து ஒரு டிரம்மைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாப் பாத்தீங்களா? நாலு சக்கரமும்?"

"பாத்தேம்மா."

பக்கத்திலிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, கணவர் காதில் விழாத குரலில் சொன்னார்.

"பிரேக் நல்லா இருந்ததுன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அவர் மேல தப்பில்லன்னு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லிட்டாப் போதும், அவர்கிட்ட பேசிடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் வண்டியையே எடுக்கச் சொன்னேன்."

எனக்கு வாய் திறந்தது. திரும்பிப் பார்த்தேன். கணவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். என்ன பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அந்த அம்மா அழுவது மட்டும்தான் அங்கிருந்து தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு மூன்று வாரம் வேலை இருந்தது. முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினேன். டேங்கில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலை வடித்து, இன்ஜினுக்குள் எண்ணெய் விட்டு, சாவி போடுவதற்கு முன் கையாலேயே சுற்றிப் பார்த்தேன். டயர், ரேடியேட்டர், பேட்டரி, பின் சீட்டு எல்லாம் புதுசு. நல்ல நிலையில் இருந்த அவருடைய லைனிங்கையும் கழற்றிக் குப்பையில் போட்டேன். பழுது என்று சொன்ன பிறகு அதை விட்டுவைக்க முடியாதே.

கார் சாவியின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. அவர் ஓட்டினார். அந்த அம்மா பின்னால் உட்கார்ந்தார். நானும் என் வண்டியில் அவர்கள் வீடு வரைக்கும் கூடவே போனேன். வழியில் எங்கும் நிற்கவில்லை, சூடேறவில்லை.

வீட்டு வாசலில் இரண்டு பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள். தனித்தனியாக.