அண்ணன்மேல் மெர்லோ

"வேர் இருக்கிற வரைக்கும்..." என்று தொடங்கிப் பந்தலின் கல்தூண் கிழவர் ஏதோ சொல்வார். மிச்சம் பன்னீர்த் திராட்சைக் கொடிக்கு மறந்துபோயிற்று. ரம்பச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் இனி ஒயின் திராட்சைதானாம். நாட்டுக் கொடிகளை முழங்கால் உயரத்தில் அறுத்து, சீமைக் குச்சியைச் செருகிக் கட்டினார்கள்.

"பயப்படாதீங்க தம்பி," என்றது பக்கத்துக் கொடியின்மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்த ஒயின் திராட்சை மெர்லோ. "உங்களுக்கு வரப்போறது கேபர்னே. தோல் தடிமன், நாக்கெல்லாம் துவர்க்கும், முரட்டு ஆள். நான் சாது, சீக்கிரம் கனிஞ்சிடுவேன். பினோ நுவார் வந்தாத்தான் கஷ்டம். வெயில் பட்டா சிணுங்குவான், மழை பட்டா அழுகுவான்."

"உங்களுக்கு அடியில இருக்கிறது என் அண்ணன்."

"தெரியுமே. நல்ல உழைப்பாளி."

"அண்ணே!" என்று பன்னீர் கூப்பிட்டது.

"பேச மாட்டார். தண்ணி மட்டும் ஏத்துவார்," என்றது மெர்லோ.

ரம்பம் வந்தது. வெட்டுவாயில் சொட்டிய நீரைத் துடைத்துவிட்டுக் குச்சியைக் கட்டிப் போனார்கள்.

"நான் கேபர்னே," என்றது குச்சி, நடுங்கியபடி. "தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே."

மண்ணிலிருந்து இனி ஒரு சொட்டும் எடுப்பதில்லை என்று பன்னீர் முடிவு செய்தது.