கதவை அடைத்துப் படுத்த மனிதர்

பனி ஸ்கூட்டரின் உறுமல், வழிப்போக்கர்கள் தங்கிப்போகும் அந்த மரக்குடிலை அதிரவைத்தது. சைமி துள்ளி எழுந்தாள்.

அப்பாடா! இந்த மனிதரை அழைத்துப் போக யாரோ வந்துவிட்டார்கள்.

மூன்று நாள். ஒரே அறை, ஒரு இரும்பு அடுப்பு, தைஸ்தோ.

அறுபது வயது. அந்தப் பக்கத்தில் கலைமான் மேய்ப்பவர். வாய் மட்டும் ஓயவே ஓயாது. அவருடைய முழங்கால் வலி, மச்சினன் செய்த துரோகம், எந்த மான் எந்த வருடம் முட்டியது, எல்லாம் சைமிக்கு மனப்பாடமாகிவிட்டது.

வடதுருவ இரவு வானத்தில் அசையும் அந்தப் பச்சை ஒளியின் கீழே ஒரு மணி நேரம் தனியாக. அதற்காகத்தான் ஹெல்சிங்கியிலிருந்து ஒரு சின்னப் பையோடு வந்தாள்.

விறகு எடுக்கப் போனால் கூடவே வந்தார். நேற்று சாயங்காலம் வானம் முழுக்க ஒளி அசைந்தபோது, பக்கத்தில் நின்று மீனுக்கு உப்புப் போடும் பக்குவம் சொன்னார். வேண்டாமென்றாலும் விடாமல் தன் ரொட்டியையும் உலர்ந்த இறைச்சியையும் அவள் கையில் திணித்தார்.

படுக்கையையும் வாசலுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டார். "குளிர் வருதும்மா. நான் அடைச்சுக்கிறேன்."

அவளுடைய பனிச்சறுக்குக் கட்டைகள்? பட்டை தளர்ந்திருக்கிறது என்று அவர் கழற்றிப் போட்டது போட்டபடியே மேசைமேல் கிடந்தன.

இன்று காலை அவள் கேட்டே விட்டாள். "முதல்ல வந்தவங்க, பின்னால வந்தவங்களுக்கு இடம் விடணும். அதுதானே இந்தக் குடிலோட முறை? கிளம்புங்களேன்!"

"இந்தக் காபி இறங்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு நான்கு முறை காபி போட்டாயிற்று.

கதவு திறந்தது. தாடியெல்லாம் பனியாக, பூங்காக் காவலர் அஸ்லக்.

"அண்ணே! உயிரோடதான் இருக்கீங்களா? அங்க உங்க மந்தை கேட்பாரில்லாம அலையுது. அண்ணி என் உயிரை எடுக்குறாங்க. வானம் கண்ணாடி மாதிரி இருக்கு, இங்க என்ன விருந்தா நடக்குது?"

"இவரைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றாள் சைமி. "தயவுசெஞ்சு."

மூன்று நாளில் முதல்முறையாகத் தைஸ்தோ பேச்சை நிறுத்தினார்.

ஆணியில் தொங்கிய வருகைப் பதிவேட்டை எடுத்தார். அவள் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, காவலரிடம் நீட்டினார்.

"அடுத்து எங்க போறீங்கன்னு கேட்டிருக்கிற இடத்துல, 'எங்கேயும் இல்லை'ன்னு எழுதியிருக்கு இந்தப் பொண்ணு. நான் எப்படிடா இதைத் தனியா விட்டுட்டுக் கிளம்புவேன்?"