எவனோ ஓர் ஏமாளி

“மெம்பர் செத்தாலும் மெம்பர்ஷிப் சாகாதுங்க. அது வாரிசு தலையில இறங்கிடும்.”

ஆண்டுதோறும் பணம் கட்டினால் சுற்றுலா விடுதியில் அறை தருவதாகச் சொல்லும் விடுமுறைச் சங்கத்து மேலாளர் சென்ற மாதம் இவ்வாறு சொன்னது முதல் தையற்காரருக்கு உறக்கமில்லை. அவருக்கு வாரிசு என்று இருந்தவள் ஒரே மகள். அவள் அஞ்சுவாளே என்று இதை மட்டும் அவளிடம் மறைத்துவிட்டார்.

இன்றும் கடையைப் பூட்டிவிட்டு மேலாளர் முன் போய் நின்றார்.

“எப்பக் கேட்டாலும் ரூம் இல்லைங்கறீங்க. வருஷக் கட்டணம் மட்டும் தவறாம கேக்குறீங்க. என்னை விட்டுடுங்க சார்!”

மேலாளர் கணினியைப் பார்த்துப் புன்னகை புரிந்தார்.

“விட்டாச்சே! ஆள் கிடைச்சா மாத்திக்கலாம்னு போன தடவை கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கல்ல? காலையில ஒருத்தங்க வந்து தன் பேருக்கு வாங்கிக்கிட்டாங்க.”

“இதைக் கேட்டு வாங்குற ஏமாளி எவன் சார்?”

“பேரெல்லாம் சொல்லக் கூடாதுங்க.”

வழி நெடுகிலும் அந்த ஏமாளிக்காக இரக்கப்பட்டார்; ஆயினும் சிரிப்பை அடக்க இயலவில்லை.

மகள் கதவைத் திறந்தாள். “என்னப்பா, முகமெல்லாம் பல்லா இருக்கு?”

“சனியன் விட்டுதும்மா! எவனோ ஒரு மடையன் தலையைக் குடுத்துட்டான்.”

“திட்டாதீங்கப்பா, அது நான்தான்” என்று அவளும் சிரித்தாள். “நீங்க தூங்காம விட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தா நான் என்ன செய்யறது? சரி, அப்படி எதுக்குத்தான் பயந்தீங்க? இப்பவாவது சொல்லுங்க.”