ஸ்பிரே கொண்டை

“தலையில என்னடி இது, குளவிக் கூடா?” பொன்னம்மா மகளின் கொண்டையை விரலால் தட்டிப் பார்த்தாள். பலகையைத் தட்டியது போலிருந்தது.

“புது பேஷன்மா. பண்டார் ஹிலிர் சலூன்ல ருக்மணி அக்கா ஸ்பிரே அடிச்சு விட்டாங்க. மெர்டேக்கான்னு சுதந்திரம் வந்து நாலு வருசமாச்சு, இன்னும் எண்ணெய் வச்சு சடை பின்னணுமா?” என்றாள் சீதா.

“பூ வைக்க வர்றவங்க என்ன சொல்லப் போறாங்களோ.”

அன்று மாலை காஜா பேராங் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் தாய் வடிவாம்பாள், கொண்டையைக் குறை சொல்லவில்லை. சம்பந்தத்தை உறுதி செய்ய மல்லிகைச் சரத்தைச் சூட்டப் போனாள். கொண்டை ஊசி இறங்கவில்லை. இன்னொன்று வளைந்தே போனது. சரம் நழுவித் தரையில் விழுந்தது.

“சகுனம் சரியில்ல. இந்தச் சம்பந்தம் வேணாம்” என்று கிளம்பிவிட்டாள்.

பொன்னம்மா கண்ணைக் கசக்கினாள். சீதா மறுநாள் காலையிலேயே சலூனுக்கு ஓடினாள்.

“ஒரு ஊசிகூட இறங்கலக்கா.”

“எப்படி இறங்கும்? ஒரு டின் முழுசா அடிச்சேன்ல.” ருக்மணி சிரித்தபடி அவள் தலையில் வெந்நீர் ஊற்றினாள். “நல்லா அலசிக்க. ஞாயித்துக்கிழமை என் தம்பிக்கு உன்னைக் கேட்டு நாங்க பூவோட வர்றோம்.”